வெயிலைத் திருத்திய கை

6

“வெயிலைக் காணோம்னு புகார் வந்தாக்கூடத் தேடிக் குடுக்கலாங்க்கா. வெயில் கூடிப்போச்சுன்னு வந்த புகாருக்கு யாரைப் பிடிச்சு உள்ள தள்ளுறது?”

ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே கேட்டான் வெற்றிசெல்வன். அறந்தாங்கியைத் தாண்டியதிலிருந்து இதே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தான். பின்னால் உட்கார்ந்திருந்த அமிர்தவல்லி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வந்தாள்.

அவளுக்கு ஐம்பது வயது. காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவள். எரிந்த கடைகளையும், எரியாமலே எரிந்ததாகச் சொன்ன கடைகளையும் பார்த்துப் பார்த்து, பொய் எந்தப் பக்கம் புகைகிறது என்று கண்டுபிடிக்கப் பழகியவள். வேலையை விட்டபின் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்துத் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினாள். வெற்றிசெல்வன் மினி பஸ் கண்டக்டராக இருந்தவன். பஸ் நின்றுபோனது. வாய் நிற்கவில்லை. அவளிடம் வந்து சேர்ந்துவிட்டான்.

“ஏப்பா வெற்றி, அந்தப் புள்ளைக்கு முன்னாடி இப்படிப் பேசிராத. அது ரெண்டு நாளாச் சாப்பிடலையாம்.”

“நான் என்னக்கா பேசப் போறேன். ஊமை மாதிரி இருக்கேன் பாருங்க.”

ஜெகதாப்பட்டினம் முக்கத்து டீக்கடையில் இலக்கியா மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு கட்டடத்தைக் கட்டுவதற்கு முன்னாலேயே அதைக் கணினிக்குள் கட்டி, வெயிலில் காயப்போட்டுப் பார்ப்பது அவள் வேலை. அதற்கு அந்த ஊர் வெயில் வேண்டும். மணிக்கு மணி எடுத்த சூட்டின் அளவு வேண்டும். அதோடு இனி வரும் வருஷங்களில் ஏறப்போகும் சூட்டையும் கூட்டி, உள்ளே படுத்திருப்பவர்களுக்கு எவ்வளவு கொதிக்கும், மின்விசிறிக்கும் ஏசிக்கும் கரண்டு எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் பார்த்துச் சொல்வாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை கட்டப்போகும் பிரசவ ஆஸ்பத்திரிக்குத்தான் இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு மூணு மணிக்கு மீட்டிங்குங்க மேடம். நான் கணக்கைத் திருத்தின திருடின்னு முடிவு பண்ணிடுவாங்க” என்றாள்.

“முதல்ல டீயக் குடிம்மா. அப்புறமாத் திருடியாகலாம்” என்றான் வெற்றிசெல்வன். அமிர்தவல்லி முறைத்தாள். இலக்கியா சிரித்துவிட்டாள்.

திரையில் ஒரு நீலக்கோடு ஓடியது. கட்டடம் வரப்போகும் இடத்தில் ஒரு பெட்டி வைத்து ஒரு வருஷமாக அளந்த சூடு அது.

“இந்தாப் பாருங்க மேடம். அனேகமா வருஷம் பூராவும் மத்தியானத்துல கோடு தாழ்வா இருக்கு. குளுகுளுன்னு இருக்கற ஊரு மாதிரி. ஏப்ரல் நடுவுல நான் இங்க வந்து தங்கினேன். கோடு ஏறிருச்சு. போன வாரம் எங்கிட்ட இருந்த பெட்டிச் சாவியைப் பிடுங்கிட்டு, அங்கிட்டே போகக் கூடாதுன்னாங்க. கோடு எறங்கிருச்சு.”

“நீங்க வந்தா ஏறுது, போனா எறங்குது. எங்க மினி பஸ்ஸுல ஜனங்ககூட இவ்வளவு ஒழுங்கா ஏறி எறங்கினதில்ல” என்றான் வெற்றிசெல்வன்.

“அதைத்தாங்க ரகுநாத் சாரும் சொல்றார். கட்டடம் கட்டப்போற கான்ட்ராக்டர். பெட்டிக்குள்ள நான் விளக்கேத்தி வச்சு சூட்டைக் கூட்டிட்டேனாம். ரெட்டைக் கூரை, மேற்குப் பக்கம் அகலமாத் தாழ்வாரம்னு நான் வரைஞ்சதை ஒத்துக்க வைக்கிறதுக்காக அப்படிச் செஞ்சேனாம். அந்த ரெண்டு மாசத்தையும் தூக்கி எறிஞ்சுட்டு மிச்ச மாசத்தை வச்சுக் கணக்குப் போடுன்னு சொல்றார். அப்படிப் போட்டா தகரக் கூரையே போதும்னு வருது.”

“அப்படியே கணக்குப் போட்டுக் குடுத்துட்டா?” என்று கேட்டாள் அமிர்தவல்லி.

“எம்மேல போலீசுக்குப் போக மாட்டாங்க. வேலையும் தங்கும்.” இலக்கியா டீ கிளாசைக் கீழே வைத்தாள். “ஆனா தகரத்துக்குக் கீழ, கரண்டு போன மத்தியானத்துல, பெத்த ஒடம்போட ஒருத்தி படுத்திருப்பா. இன்னும் இருபது முப்பது வருஷத்துல அந்த ரூம் என்ன கொதி கொதிக்கும்னு நான் பார்த்துட்டேன் மேடம். பார்த்ததுக்கப்புறம் எப்படி மாத்தி எழுதுறது?”

வெற்றிசெல்வன் அந்தக் கிளாசை எடுத்து அவள் கையிலேயே திரும்பக் கொடுத்தான்.

“ஏம்மா, ஏப்ரல்ல ஏன் வந்தே?” என்றாள் அமிர்தவல்லி.

“அப்பத்தான் ஊர்ல எல்லாரும் வீட்ல இருப்பாங்க, ஆற அமரப் பேசலாம்னு சொன்னாங்க. எந்த மாதிரிக் கட்டடம் வேணும்னு ஒவ்வொரு வீடாப் போய்க் கேட்டேன்.”

“ம்.” அமிர்தவல்லி திரையில் விரலை வைத்துக் கோட்டைப் பெரிதாக்கினாள். “இந்த மத்தியானப் பள்ளம் வாரத்துல ஒரு நாள் மட்டும் கொஞ்சம் முந்தியே விழுதே?”

“வெள்ளிக்கிழமை மேடம். நானும் கவனிச்சேன். காரணம் புரியல.”

“வெள்ளிக்கிழமையானா வெயிலுக்கு எங்க போகணும்னு அவசரமோ?” என்றான் வெற்றிசெல்வன்.

அமிர்தவல்லி மடிக்கணினியை மூடினாள். “இன்னைக்கு வெள்ளிதானே? கெளம்பு, கெளம்பு.”

கட்டட மனை துறைமுகச் சாலையை ஒட்டி இருந்தது. பக்கத்தில் ஐஸ் பிளாண்ட். உள்ளே கட்டியை நொறுக்கும் மெஷின் பல்லைக் கடிப்பதுபோல் சத்தம் போட்டது. மனையின் மூலையில் கம்பி வேலி. வேலிக்குள் ஆள் உயரக் கால்களின்மேல் ஒரு வெள்ளைப் பெட்டி. சுற்றிலும் ஜன்னல் சட்டம்போல் சரிந்த பலகைகள். காற்று உள்ளே போகும், வெயில் போகாது. வேலிக் கதவில் பூட்டு தொங்கியது.

வேலியோரம் ரகுநாத் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டைக் காலருக்குள் கைக்குட்டையைச் சுற்றியிருந்தார்.

“துப்பறியறவங்களா? வெயிலைத் துப்பறிய வந்தீங்களாக்கும்?”

“ஆமா சார்,” என்றான் வெற்றிசெல்வன், “இங்க ரொம்பக் குளிருதுன்னு கேள்விப்பட்டோம். குளிருக்குத்தான் கழுத்துல துணி சுத்தியிருக்கீங்களா?”

“நான் சொல்லலைய்யா. பெட்டி சொல்லுது. கடக்கரை ஊரு, காத்தடிக்கிற ஊரு. மெஷினே குளிர்ச்சின்னு சொல்லும்போது, இந்தப் பொண்ணு ஏன் கொதிக்குது கொதிக்குதுன்னு குதிக்கணும்?”

“சாவி யார் யார்ட்ட இருக்கு?” என்று கேட்டாள் அமிர்தவல்லி.

“இதுட்ட ஒண்ணு இருந்துச்சு, வாங்கியாச்சு. இன்னொண்ணு ஐஸ் பிளாண்ட் வாட்ச்மேன் ஷேக் பரீது பாய்கிட்ட. பெட்டியைப் பார்த்துக்கறதுக்கு அறக்கட்டளையில அவருக்கு ஏதோ தர்றாங்க. அவருக்கு மெஷினைப் பத்தி ஒண்ணும் தெரியாது. பாவம், துடைச்சு வைப்பாரு.” ரகுநாத் கைக்குட்டையை அவிழ்த்துப் பிழிந்து மறுபடி சுற்றிக்கொண்டார். “மூணு மணிக்கு மீட்டிங். வந்து நல்லாக் கத விடுங்க.”

அவர் போனதும் வெற்றிசெல்வன் வேலிக்குள் கையைக் காட்டினான். “அக்கா, அங்க பாருங்க. இந்த மனையிலேயே சொகமா இருக்கற ஒரே உயிரு.”

பெட்டிக்கு நேர் கீழே ஒரு சாம்பல் நிறப் பூனை கால்களை நீட்டிப் படுத்திருந்தது. அது படுத்திருந்த இடம் பச்சையாக இருந்தது. மனை முழுக்கக் காய்ந்த மணல். கால் வைத்தால் சுடும் மணல். பெட்டிக்கு அடியில் மட்டும் ஒரு முறம் அளவுக்குப் புல் தளதளவென்று நின்றது.

“இங்க யாராவது தண்ணி ஊத்துறாங்களாம்மா?”

“இல்லைங்க மேடம். அங்க குழாயே கிடையாது” என்றாள் இலக்கியா.

அமிர்தவல்லி புல்லைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள், மூடியிருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு மீன் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தைக் காட்டினாள். “எல்லாரும் அதுக்குப் பின்னால வாங்க. கொஞ்ச நேரம் நாறிக்கிட்டு உக்காருவோம்.”

உட்கார்ந்தார்கள். மத்தியானத்தில் கான்கிரீட் தளத்தின்மேல் நிற்பவனுக்குத் தெரியும் அந்த மாதிரிச் சூடு. தலைக்கு மேலேயும் அடிக்கும், உள்ளங்காலிலும் ஏறும். வெற்றிசெல்வன் சத்தமில்லாமல் புலம்பினான்.

“ரகுநாத்தோட ஆளு வருவான் பாருங்கக்கா. கைல தீப்பெட்டியோட வருவான். பொண்ணை மாட்டிவிடறதுக்காகச் சூடு வச்சவனே அவன்தான்.”

“அவருக்குச் சூடு கூடினா நட்டம்டா. தகரக் கூரை போயிரும்.”

“அட, ஆமா. அப்ப யாரு?”

“ஒரு கேள்விய நீ தப்பாவே கேட்டுக்கிட்டு வர்றே. அறந்தாங்கியில இருந்து.”

அவன் வாயைத் திறப்பதற்குள் ஐஸ் பிளாண்டின் பக்கவாசல் திறந்தது. கட்டம் போட்ட கைலி, வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. அறுபதைத் தாண்டியவர் ஒருவர் ஈரச் சாக்கில் எதையோ பொதிந்து, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் மார்போடு அணைத்து வந்தார். வேலிக் கதவைத் திறந்தார். பூனை எழுந்து அவர் காலில் உரசியது. பெட்டியின் கதவைத் திறந்து சாக்கை உள்ளே வைத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மூடினார்.

“பிடிச்சாச்சு!” வெற்றிசெல்வன் பாய்ந்தான். பாய்ந்த வேகத்தில் இரண்டு மீன் பெட்டிகள் அவன்மேலேயே விழுந்தன. எழுந்து ஓடி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “என்ன பாய், உள்ள என்ன குண்டா?”

“ஐஸுப்பா” என்றார் ஷேக் பரீது.

அமிர்தவல்லி பெட்டியைத் திறந்தாள். சூடு அளக்கும் கருவிக்குப் பக்கத்திலேயே சாக்கில் நொறுக்கிய ஐஸ். இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கீழே புல்லில் விழுந்தது. கருவியின் சின்னத் திரையில் எண் இறங்கிக்கொண்டே வந்தது.

இலக்கியா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“தெனமும் வைப்பீங்களா பாய்?” என்றாள் அமிர்தவல்லி.

“தெனமும்மா. மத்தியானத்துல வைப்பேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகணும்ல, அதனால முந்தியே வச்சுட்டுப் போயிருவேன்.” அவர் குரல் இறங்கியது. “மொத வச்ச மெஷினு வெயில்ல செத்துப்போச்சும்மா. பேட்டரி பலூனு மாதிரி உப்பிப்போச்சு. மாத்த வந்த பையன் பத்துப் பேருக்கு முன்னால சத்தம் போட்டான், பார்த்துக்கச் சொன்னா இப்படியா பார்ப்பீங்கன்னு. அதுல இருந்து இதை நான் அப்படி விடறதில்ல. நம்ம ஊர்ல வெயில்ல எது கெடும்னாலும் ஐஸ்தானே போடுவோம்? எறாலுக்குப் போடுறோம், கணவாய்க்குப் போடுறோம். அம்புட்டு வெல கூடின மெஷினுக்குப் போடக்கூடாதா?”

“ஆளுக்கு ஐஸ் வச்சவங்களை நான் நெறையாப் பார்த்திருக்கேன்,” என்றான் வெற்றிசெல்வன், அவர் கையை விட்டுவிட்டு. “வெயிலுக்கே ஐஸ் வச்ச ஆளு நீங்கதான் பாய்.”

“சும்மாருடா.” அமிர்தவல்லி அவரிடம் திரும்பினாள். “தடைக்காலத்துல என்ன பண்ணுனீங்க?”

“என்ன பண்றது? மீன் குஞ்சு பொரிக்கிற காலம்னு போட்டைக் கட்டிப் போட்டுட்டாங்க. பிளாண்ட்டை மூடிட்டோம். ஐஸுக்கு எங்க போவேன்? அந்த ரெண்டு மாசமும் மெஷினு தாங்கணுமே தாங்கணுமேன்னு துவா செஞ்சுக்கிட்டே கெடந்தேன். போன வாரம் போட்டெல்லாம் கடல்ல எறங்கினப்புறந்தான் நிம்மதி.”

வெற்றிசெல்வன் தலையில் அடித்துக்கொண்டான்.

“அக்கா! சூடு வச்சவனைத் தேடி வந்தோம். சூடு யாருமே வைக்கலை!”

“அதான் நீ தப்பாக் கேட்ட கேள்வி” என்றாள் அமிர்தவல்லி. “வெயில் ஏறினா மெல்ல ஏறும், மெல்ல எறங்கும். கோட்டுல சூடு அப்படித்தான் ஏறியிருக்கு. குளிர்ச்சிதான் அருவாளால வெட்டின மாதிரி விழுந்திருக்கு. மனுசன் கை இருக்கறது அந்தப் பக்கம். பொய்யின்னு தூக்கி எறியச் சொன்ன ரெண்டு மாசமும் நெசம். நெசம்னு நம்பின மத்தியானமெல்லாம் ஐஸு. இந்தப் புள்ள தடைக்காலத்துக்கு வந்துச்சு, ஊரே வீட்ல இருக்கும்னு. தடைக்காலம் முடிஞ்சதும் தொரத்திட்டாங்க. பழி தானா வந்து ஒட்டிக்கிச்சு.”

ஷேக் பரீது இலக்கியாவைப் பார்த்தார். “என்னம்மா பழி? யாரு மேல?”

இலக்கியா சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது.

“யா அல்லா. நான் வச்ச ஐஸுக்கு ஒன்னையவா திருடின்னாங்க? மீட்டிங் எத்தனை மணிக்கு? நான் தொழுதுட்டு வாரேன்.”

அவர் வேகமாகப் பள்ளிவாசல் பக்கம் நடந்தார்.

“போயிட்டாருக்கா. வரமாட்டாரு,” என்றான் வெற்றிசெல்வன், “டிக்கெட் எடுக்காத ஆளு எறங்கற நடை அது.”

“வருவாரு.”

மூன்று மணியானது. அமிர்தவல்லி போனில் கேட்டுக்கொண்டபடி அறக்கட்டளைத் தலைவி பரிமளா கூட்டத்தை அறையில் வைக்காமல் வேலியோரமே வந்துவிட்டாள். குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு அதட்டிப் பேசும் மனுஷி. கூடவே ரகுநாத். ஷேக் பரீதைக் காணவில்லை. அமிர்தவல்லி நடந்ததைச் சொன்னாள்.

ரகுநாத் சிரித்தார். “வாட்ச்மேன் ஐஸ் வச்சாராம்! நல்லா இருக்கு. ஆளைக் காணோமே?”

இலக்கியா தரையைப் பார்த்தாள். மத்தியானம் வைத்த ஐஸ் முழுக்கக் கரைந்து சாக்கு காய்ந்துபோயிருந்தது. காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை.

“அங்க பாருங்க சார்” என்றான் வெற்றிசெல்வன்.

ஷேக் பரீது வந்துகொண்டிருந்தார். மறுபடியும் அதே ஈரச் சாக்கு. இந்த முறை ஒளிக்காமல் தலையில் தூக்கி வந்தார்.

“பரிமளாம்மா, இந்தப் புள்ள ஒண்ணும் பண்ணலை. பண்ணினது நான். பாருங்க.” சாக்கைப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். பலகை இடுக்கு வழியாக எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். முப்பத்தேழில் நின்ற எண் முப்பத்தைந்துக்கு வந்தது. பிறகு முப்பத்துமூன்று.

“இன்னைக்கு வச்சுக் காட்டலாம். அன்னைக்கும் வச்சார்னு யாருக்குத் தெரியும்? இவங்க சொல்லிக் குடுத்திருப்பாங்க” என்றார் ரகுநாத்.

அமிர்தவல்லி இலக்கியாவிடம் மடிக்கணினியைத் திறக்கச் சொன்னாள். “அம்மா, ஜனவரியைப் பாருங்க. நடுவுல ஒரு வாரம் மட்டும் மத்தியானக் கோடு ஏறி நிக்குது. அப்ப இலக்கியா சென்னையில இருந்தா. இந்தப் பெட்டிய அவ கண்ணாலயும் பார்த்ததில்ல. அந்த வாரம் இங்க என்ன நடந்துச்சு பாய்?”

ஷேக் பரீது யோசிக்கவே இல்லை. “எல்லை தாண்டினாங்கன்னு நம்ம ஆளுகளைக் கடல்ல பிடிச்சுட்டுப் போனாங்கள்ல, அந்த வாரம்மா. ஊரே ஸ்டிரைக்கு. ஒரு போட்டும் போகலை. பிளாண்ட்டை நிறுத்திட்டோம்.”

பரிமளாவுக்கும் அந்த வாரம் நினைவிருந்தது. பிடிபட்டவர்களின் வீடுகளுக்கு அரிசி கொண்டுபோனவள் அவள்.

“ஐஸை வெளிய எடுங்க பாய்” என்றாள்.

எடுத்தார். எண் திரும்ப ஏறத் தொடங்கியது. பரிமளா குடையை விரிக்கவில்லை. “ஏறி முடியட்டும். இந்தப் பொண்ணு சொன்ன வெயில் இதுதானான்னு நாமளும் நின்னு பார்ப்போம்” என்றாள். எல்லோரும் நின்றார்கள். மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. பூனை எழுந்து ஐஸ் சாக்கு போன பக்கம் போய்விட்டது.

“இலக்கியா, மிச்ச மாசத்தை என்ன செய்யப் போறே?” என்று கேட்டாள் பரிமளா.

“மத்தியானத்தை மட்டும் எடுத்துட்டு மத்த நேரத்தை வச்சுக்கலாங்கம்மா. எடுத்த மத்தியானத்தை, ஐஸ் வைக்காத நாட்களை வச்சு நிரப்பலாம். அது எங்கெங்க ஊகம்னு அறிக்கையில தெளிவாச் சொல்லிடுவேன். இன்னும் ஒரு வருஷம் அளந்துக்கிட்டே இருக்கணும்.”

“செய்யி. உன்மேல சொன்னது தப்பு. எல்லார் முன்னாலயும் சொல்றேன்.” பரிமளா ஷேக் பரீதிடம் திரும்பினாள். “பாய், சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா அது காஞ்சாலும் வெந்தாலும் தொடாதீங்க.”

“செத்துப்போச்சுன்னா?”

“செத்தா, வெயில் கொன்னுச்சுன்னு எழுதிக்குவோம். அதுவும் கணக்குத்தான்.”

எண் முப்பத்தேழுக்கு வந்து நின்றது. பரிமளா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “என்ன ரகுநாத், தகரம் போதுமா?” என்று பக்கத்தில் கேட்டாள். பக்கத்தில் ஆள் இல்லை. திரும்பினாள். ஐஸ் பிளாண்டின் மேற்கூரை நீட்டிக்கொண்டிருந்த இடத்தில், சுவரோடு சுவராக ஒட்டி நின்றார் ரகுநாத்.

“அங்கிட்டு என்ன பண்றீங்க?”

“சும்மாங்கம்மா. இங்கிட்டுக் கொஞ்சம் நெழலா இருந்துச்சு.”

“அந்த நெழலைத்தான் இந்தப் புள்ள மேற்குப் பக்கம் வரைஞ்சு வச்சிருக்கு. வரைஞ்ச அகலத்துக்குக் கட்டிக் குடுங்க.”

“சரிங்கம்மா” என்றார் ரகுநாத், நிழலைவிட்டு நகராமல்.